கொடுத்ததாகக் கருதப்படும்

சென்ற மாதம் எங்கள் உட்கோட்டத்தின் இப்போதைய தபால் ஆய்வாளர் மீனாட்சி போன் செய்தார். தபால் துறைக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது, பதிவுத் தபால் என்ற பெயரும் போய் அது விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது, கிராமத்துத் தபால் ஊழியர்களுக்கு ஒருநாள் வகுப்பு வைக்கிறோம், பழைய சட்டத்தில் வேலை பார்த்தவர் என்ற முறையில் நீங்கள் அரைமணி நேரம் பேச வேண்டும் என்றார்.

"என்னம்மா பேசணும்?"

"ஏதாச்சும் அனுபவம் சார். சிரிப்பா நாலு விஷயம் சொல்லுங்க. பிரிவு பிரிவா நாங்க படிச்சா எல்லாரும் தூங்கிருவாங்க."

போனேன். நாய் துரத்தியதைச் சொன்னேன். 'பழனி முருகன், மலை மேல்' என்று முகவரி எழுதி வந்த கடிதத்தைச் சொன்னேன். சிரித்தார்கள், டீ கொடுத்தார்கள், சால்வை போட்டார்கள். வகுப்பில் கொடுத்த புதுச் சட்டத்தின் நகலை ஆட்டோவில் நாகல் நகர் வீட்டுக்கு வரும் வழியிலேயே புரட்டினேன். பழையதில் இருந்த பல தண்டனைப் பிரிவுகள் அதில் இல்லை. ஆனால் நான் தேடிய ஒன்று இருந்தது. கடிதம் தொலைந்தாலோ, தாமதமானாலோ, ஆள் மாறிப் போனாலோ, ஊழியர் வேண்டுமென்றே செய்தாலொழிய அவர் மேல் பொறுப்பு கிடையாது என்ற பிரிவு. நூறு வருடத்துக்கு மேல் பழையதான முந்தைய சட்டத்திலும் இது இருந்தது, ஆறாம் பிரிவாக. அந்தப் பிரிவு என்னை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை; ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் கீரனூர்க்காரன். அப்பாவுக்கு நாலு ஏக்கர் வானம் பார்த்த பூமி. கல்லூரி முடித்த வருடமே எழுத்தர் தேர்வில் தேறினேன். மதுரையில் பயிற்சி, பிறகு பத்து வருடம் கவுண்டர். முத்திரை குத்துவது, எடை பார்ப்பது, பை கட்டுவது, அரக்கு வைப்பது எல்லாம் கை பழகிய வேலைகள். அந்தப் பத்து வருடத்தில் சட்டப் புத்தகத்தை நான் தொட்டதில்லை. ஆய்வாளர் தேர்வுக்காகத்தான் முதல்முறை முழுதாகப் படித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. மெல்லிய புத்தகம். கப்பலில் வரும் கடிதங்களுக்கெல்லாம் அதில் தனி அத்தியாயம் உண்டு. மனப்பாடம் செய்து எழுதி, தேறி, திண்டுக்கல் பக்கமே ஆய்வாளராக வந்து சேர்ந்தேன்.

அப்போது எங்கள் கோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் ஆரோக்கியசாமி. ஒல்லியான மனிதர். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. துப்புரவுப் பணியாளரைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். எந்தக் காகிதத்தையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றபடி படிப்பார். நாம் எதிரே நிற்போம். படித்து முடித்தபின் மேசைக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். அநேகமாக "எந்தப் பிரிவு?" என்பதாக இருக்கும். பதில் தெரியாவிட்டால் காகிதத்தை நம் பக்கம் மெதுவாக நகர்த்தி வைப்பார். போய்ப் படித்துவிட்டு வா என்று அர்த்தம்.

நான் ஆய்வாளராகி முதல் வருடம். ஒரு துணை அஞ்சலகத்துக்குப் போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு வழக்கில் தேடப்படுகிறவன் மனைவிக்குக் கடிதம் போட்டிருக்கிறான், அது இன்றைய பையில் வந்திருக்கிறது, பார்த்துவிட்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். போஸ்ட்மாஸ்டர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். எனக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆரோக்கியசாமிக்குப் போன் செய்தேன்.

"அவங்க கையில உத்தரவு இருக்கா?"

"இல்ல சார். பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்களாம்."

"அந்தக் கடிதத்த நீங்க பிரிச்சுப் பாப்பீங்களா?"

"மாட்டேன் சார்."

"நீங்களே பாக்கக் கூடாதத அவங்களுக்குக் காட்ட உங்களுக்கு என்ன அதிகாரம்?"

போலீஸ் அதிகாரி என் முகத்துக்கு நேராக இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். மாலையில் முறையான உத்தரவோடு வந்தார். எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தோம். மறுநாள் ஆரோக்கியசாமி சொன்னார்: "சாயங்காலம் நீங்க குடுத்தது சட்டப்படி. காலையில குடுத்திருந்தா அது சலுகை. நம்ம கையில இருக்குற அடுத்தவங்க பொருளுக்குச் சலுகை காட்ட முடியாது."

அந்த நாளுக்குப் பிறகு நான் சட்டம் தெரிந்தவன் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது. பெட்டியில் எப்போதும் அந்தப் புத்தகத்தை வைத்திருப்பேன்.

ஆறு வருடம் கழித்து, ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் வருடாந்திர ஆய்வு. கிளை அஞ்சலகம் என்றால் போஸ்ட்மாஸ்டர் வீட்டின் முன்னறை, ஒரு மேசை, ஒரு மரப்பெட்டி, சுவரில் ஒரு தபால்பெட்டி, அவ்வளவுதான். ஆய்வுக்கு ஒரு முறை உண்டு. தேதி முத்திரையை வெள்ளைத் தாளில் குத்திப் பார்ப்பேன். பையின் சீலைப் பார்ப்பேன். பெட்டியில் நானே ஒரு கார்டைப் போட்டு, அது எப்போது எடுக்கப்படுகிறது என்று பார்ப்பேன். பதிவுத் தபால் பட்டுவாடா ஆன ரசீதுகளில் நாலைந்தை உருவி எடுத்து, அந்த ஆட்களைத் தேடிப் போய், "உங்களுக்கு இது வந்துச்சா, கையெழுத்து உங்களுதா?" என்று கேட்பேன். கடைசியாக ஊர்க்காரர்கள் சிலரிடம், தபால் சரியாக வருகிறதா என்று விசாரிக்க வேண்டும். அதை அறிக்கையில் ஒரு பத்தியாக எழுத வேண்டும்.

தபால்காரர் வேலுச்சாமி பட்டுவாடாவுக்குப் போயிருந்தார். போஸ்ட்மாஸ்டர் எனக்குச் சாப்பாடு சொல்ல உள்ளே போயிருந்தார். அப்போது ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். பூப்பறித்த விரல்கள், நகக்கண்ணெல்லாம் பச்சைக் கறை. பெயர் காளீஸ்வரி என்றார். பிள்ளையின் நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"தபால் ஆபீசு பெரிய சார் வாராகன்னு சொன்னாக. இத ஒங்ககிட்ட குடுக்கணும்."

நல்ல கையெழுத்து. பத்தாவது படித்தவர் என்று பிறகு தெரிந்தது. என் பெயருக்கு வரும் தபால் எதையும் வீட்டில் வேறு யார் கையிலும் கொடுக்க வேண்டாம், ஆபீசிலேயே வைத்திருந்தால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது.

"வீட்டுல யாரும்மா இருக்காங்க?"

"மாமியா, மூத்தாரு, அவுக சம்சாரம், எல்லாரும் இருக்காக சார்."

"அவங்க வாங்கி வச்சா என்ன?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு ரோட்டு வேலையில இருந்தாரு. கவர்மெண்டு வேல. போன வருசம் வேலையில நிக்கும்போதே லாரி அடிச்சு செத்துப்போனாரு. அந்த வேலைக்கு நான் எழுதிப் போட்டிருக்கேன். கடுதாசி வரும், வந்தவுடனே சட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கிட்டு வந்துரணும்னு ஆபீசுல சொல்லிருக்காக. நான் வேலைக்குப் போறது வீட்டுல பிடிக்கல. பூக்காட்டுக்குக் கை வேணும்ல. போயிட்டா பங்கு கேப்பேன்னும் நெனைக்கிறாக."

"சரிம்மா. தபால்காரர்ட்ட நான் சொல்லிர்றேன்."

அவர் நகரவில்லை. "வாங்கிக்கிட்டேன்னு இதுல ஒரு சீலு குத்தித் தரமுடியுமா சார்? நகல் எழுதிக்கிட்டு வந்திருக்கேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா. எங்கையில குடுத்துட்டீங்கல்ல."

இதைச் சொன்னபோது என் தொனி எப்படி இருந்தது என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. பெரிய மனது பண்ணிச் சொல்கிற தொனி. அவர் அந்த நகலை மறுபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். நான் தாளை என் நாட்குறிப்பில் வைத்தேன். சாப்பாடு வந்தது. சாப்பிட்டேன். வேலுச்சாமி வருவதற்குள் என் பஸ் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் வத்தலகுண்டு ரோட்டில் வேனிலிருந்து ஒரு தபால் பை விழுந்து காணாமல் போயிற்று. ஒரு வாரம் அதைத் தேடி அலைந்தேன். பை கிடைத்தது, பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அந்தக் கிராமத்து ஆய்வறிக்கையை அவசரமாக எழுதி அனுப்பினேன். ஊர்க்காரர்களிடம் விசாரித்த பத்தியில் வழக்கமான வரியைப் போட்டேன்: 'பொதுமக்களிடம் விசாரித்ததில் புகார் ஏதுமில்லை.'

நாலு மாதம் கழித்துக் கோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு புகார் என் விசாரணைக்கு வந்தது. புகார் கொடுத்தவர் காளீஸ்வரி. எங்கோ கேட்ட பெயராக இருந்தது, ஆனால் முழுதாக நினைவு வரவில்லை. படித்தேன். சான்றிதழ்களோடு இன்ன தேதியில் நேரில் வரவேண்டும், தவறினால் வேலையில் விருப்பமில்லை என்று கொள்ளப்படும் என்று அவர் பெயருக்குப் பதிவுத் தபால் வந்திருக்கிறது. அவர் கைக்கு வரவில்லை. நாள் பல ஆகியும் ஒன்றும் வரவில்லையே என்று அந்த அலுவலகத்துக்கே போய்க் கேட்டிருக்கிறார். எழுத்தர் கோப்பைப் பிரித்து, திரும்பி வந்த ஒப்புகை அட்டையைக் காட்டியிருக்கிறார். அதில் கணவரின் அண்ணன் தங்கவேலின் கையெழுத்து. பட்டியலில் அடுத்து இருந்தவருக்கு வேலை கொடுத்தாகிவிட்டது.

விசாரணைக்குக் கிராமத்துக்குப் போனேன். முதலில் வேலுச்சாமி.

"அந்த ரிஜிஸ்தர் தபால நீங்கதானே கொண்டுபோனீங்க?"

"ஆமா சார். அந்தப் பிள்ள காட்டுல இருந்துச்சு. தங்கவேலண்ணன் வாசல்ல நின்னாரு, கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. இருவது வருசமா அந்த வீட்டுக்கு அவருதான் வாங்குறாரு."

"அந்தம்மா உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லிருந்தாங்களா?"

"எங்கிட்ட சொல்லல. ஒங்ககிட்ட எழுதிக் குடுத்தேன்னு இப்பச் சொல்லுது." பிறகு கேட்டார்: "நீங்க எங்கிட்ட சொன்னீகளா சார்? எனக்கு நெனப்பில்ல. சொல்லியிருந்தா சொல்லுங்க. நான்தான் மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துர்றேன்."

வாக்குமூலத்தில் அந்தக் கடைசிப் பகுதியை நான் எழுதவில்லை.

தங்கவேல் பயப்படவே இல்லை. "வாங்குனேன் சார். மாட்டுக் கொட்டத்துல செருகி வச்சேன். எங்கிட்டுப் போச்சோ தெரியல. வேணும்னேவா செஞ்சேன்?" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு என் பேனாவைத் திருப்பித் தரும்போது சிரித்தார்.

காளீஸ்வரி கடைசியாக வந்தார். மகளையும் கூட்டி வந்திருந்தார். ஆறு வயதுப் பிள்ளை, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கோபம் தெரியவில்லை. முடிவில், "அன்னைக்கி நான் குடுத்தது ஒங்களுக்கு நெனப்பில்லையா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"பாக்குறேம்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்பை எடுத்தேன். ஆய்வு நாளின் பக்கத்தில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. மடிப்பில் ஒரு செவ்வந்தி இதழ், காய்ந்து பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி என்ன காகிதம் என்று கேட்டாள். ஆபீஸ் காகிதம் என்றேன்.

மூன்று நாள் அது என் சட்டைப் பையில் இருந்தது. அந்த மூன்று நாளும் சட்டப் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பிரிவு எனக்கு வசதியாக இருந்தது. முகவரிதாரரின் வீட்டில் கொடுத்தாலோ, அவருக்காக வழக்கமாக வாங்கும் ஆளிடம் கொடுத்தாலோ அவரிடமே கொடுத்ததாகக் கருதப்படும். வேலுச்சாமி கொடுத்தது வீட்டில். வாங்கியவர் வழக்கமாக வாங்குகிறவர். ஆகவே சட்டத்தின் கண்ணில் அந்தக் கடிதம் காளீஸ்வரியின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முகவரிதாரர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே கணக்கு மாறும். எழுதிக் கொடுத்தது என் சட்டைப் பையில் இருந்தது.

அறிக்கையை எழுதினேன். பட்டுவாடா விதிப்படியே நடந்திருக்கிறது என்று எழுதிவிட்டு, ஒரு வாக்கியத்துக்காக வெகுநேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'மனுதாரர் கொடுத்ததாகக் கூறும் எழுத்துமூலமான கோரிக்கை எதுவும் கிளை அஞ்சலகத்தில் இல்லை.' அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எழுதி முடித்தபோது, வெட்கத்தைச் சொல்ல வேண்டும், என் சாமர்த்தியத்தை நினைத்து ஒரு திருப்திகூட வந்தது.

ஆரோக்கியசாமி அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். இரண்டு பக்க அறிக்கை. நெடுநேரம் படித்தார். கீழே பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து கண்டக்டர்கள் ஊர் பெயர்களைக் கூவுவது கேட்டுக்கொண்டிருந்தது. மேசைக்கு வந்தார்.

"கிளை அஞ்சலகத்துல இல்ல. சரி. வேற எங்க இருக்கு?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. குனிந்து படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அறையில் ஒரு காகிதத்துக்காக அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எப்பக் குடுத்தாங்க?"

"ஆய்வு அன்னிக்கு சார்."

"அவங்க ரசீது கேக்கலையா?"

"கேட்டாங்க சார். வேணாம்னுட்டேன்."

அவர் என் அறிக்கையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "இந்த விசாரணையிலிருந்து உங்கள எடுத்துடறேன். நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க."

"சார், வேணும்னு செய்யல. மறந்துட்டேன். எனக்கு என்ன ஆகும்?"

"அதப் பிறகு பாக்கலாம்" என்றார். "அந்தம்மாவுக்கு என்ன செய்ய முடியும்னு சட்டத்துல தேடிட்டு வாங்க. புத்தகம் பெட்டியிலதான இருக்கு?"

தேடினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். கடிதத்தைத் திருடிய ஊழியருக்குச் சிறை உண்டு. வேண்டுமென்றே தாமதித்தவருக்கும், பிரித்துப் பார்த்தவருக்கும் தண்டனை உண்டு. மறந்தவருக்கு எதுவும் இல்லை, ஆறாம் பிரிவு அவரைக் காப்பாற்றிவிடுகிறது. அரசுக்கும் பொறுப்பு கிடையாது. கடிதம் கிடைக்காததால் வாழ்க்கை போனவருக்கு என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி இல்லை. ஒன்றே ஒன்று கிடைத்தது. தவறாகத் தன் கைக்கு வந்த அடுத்தவர் கடிதத்தைக் கெட்ட எண்ணத்தோடு வைத்துக்கொள்கிறவரைத் தண்டிக்கும் பிரிவு. மூன்றாம் பிரிவின்படி வீட்டில் கொடுத்தது சரி என்றால் தங்கவேலைத் தொட முடியாது. ஆனால் காளீஸ்வரியின் தாள் வெளியே வந்துவிட்டதால், கொடுத்ததே தவறு என்று வாதாடலாம். தங்கவேல் மேல் வழக்குப் போட இடமிருந்தது.

விசாரணைக்கு வந்த வேறொரு ஆய்வாளரோடு நானும் போய் அதைக் காளீஸ்வரியிடம் சொன்னேன். அவர் கொடுத்த தாளை மேலதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"கேசு போட்டா எனக்கு அந்த வேல கெடைக்குமா சார்?"

"அது வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கம்மா. தங்கவேலுக்குத் தண்டன கெடைக்கலாம்."

"அவரு ஜெயிலுக்குப் போயிட்டா நான் எந்த வீட்டுல போயிப் படுக்குறது? எங்க அப்பா அம்மாவும் இல்ல." மகளின் தலையில் கை வைத்தார். "கேசெல்லாம் வேணாம் சார். எனக்குக் கடுதாசி வரலன்னு அந்த ஆபீசுக்கு நீங்க எழுதுங்க. அது போதும்."

ஆரோக்கியசாமி எழுதினார். துறைக்கு வெளியே அப்படி ஒரு கடிதம் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. முகவரிதாரர் முன்கூட்டியே எழுத்தில் கேட்டிருந்தார், எங்கள் ஆய்வாளரின் கவனக்குறைவால் அது செயல்படுத்தப்படவில்லை, ஆகவே அவர் நேரில் வராததை விருப்பமின்மை என்று கொள்ளாமல் அவர் மனுவை மறுபடி பரிசீலிக்க வேண்டும். சுற்றிவளைப்பு ஒன்றும் இல்லை. என் பெயர், பதவி எல்லாம் அதில் இருந்தது. தட்டச்சு செய்தவர் எங்கள் அலுவலகத்துப் பெண்தான். மறுநாள் முதல் கோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் என்னை விட்டு நகர்ந்து நின்றார்கள். என்மேல் துறை நடவடிக்கை வந்தது. என்னோடு தேர்வு எழுதியவர்கள் மேலே போனார்கள். எனக்குப் பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போனது. அதிகம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வேலுச்சாமி மேல் ஒன்றும் வரவில்லை. அது ஒன்றுதான் அந்தக் கோப்பில் எனக்கு ஆறுதல்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்களுக்கு ஒரு நகல், காளீஸ்வரிக்கு ஒரு பதிவுத் தபால். ஆரோக்கியசாமி என்னைக் கூப்பிட்டு நகலைக் காட்டினார். விதிகளில் மறுபரிசீலனைக்கு இடமில்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது.

"தபால் நாளைக்கு அந்தக் கிளைக்குப் போகும்" என்றார். "வேலுச்சாமியோட நீங்களும் போங்க. அவங்க கையில குடுங்க."

"வேற யாராவது போகட்டுமே சார்."

"இல்ல. நீங்க போங்க."

காலை பத்து மணி இருக்கும். செவ்வந்திக் காட்டில் ஏழெட்டுப் பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தங்கவேல் வரப்பில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை நீட்டினார். "எங்கிட்டக் குடுங்க சார். நான் குடுத்துக்கிறேன்."

"நகருங்க" என்றேன்.

பாத்திக்குள் இறங்கி நடந்தேன். மற்றப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காளீஸ்வரி நிமிர்ந்து, மடியில் இருந்த பூவைக் கூடையில் தட்டிவிட்டு, கையைச் சேலையில் துடைத்தார். வேலுச்சாமி உறையை நீட்டினார். அவர் பிரித்து நின்றபடியே படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று வேலுச்சாமியிடம் கேட்டார். போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு மேல யாருக்கு எழுதணும் சார்?"

முப்பது கிளை அஞ்சலகங்களின் முகவரி எனக்கு மனப்பாடம். அவர் கேட்ட முகவரி எனக்குத் தெரியாது. "கலெக்டருக்கு எழுதிப் பாருங்கம்மா" என்றேன். நடக்காது என்று தெரிந்தேதான் சொன்னேன். ஏதாவது சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர வேண்டியிருந்தது.

"சரி சார்" என்று அவர் மறுபடி குனிந்தார்.

அந்த வருடம் என்னைப் பழனிப் பக்கம் மாற்றினார்கள். ஆரோக்கியசாமி ஓய்வுபெற்றுப் போனார். அந்த விஷயத்தைப் பற்றி அதன்பிறகு அவர் என்னிடம் பேசியதே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். காளீஸ்வரி சில வருடம் அந்த வீட்டில் இருந்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த மில் என்று விசாரித்துப் போகும் தைரியம் எனக்கு இல்லை.

மாற்றலாகிப் போன கொஞ்ச நாளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வேலுச்சாமியைப் பார்த்தேன். காளீஸ்வரி கலெக்டருக்கு எழுதினாரா என்று கேட்டேன். எழுதினார், பதிலும் வந்துவிட்டது என்றார்.

"கையில குடுத்தீங்களா?"

"கையிலதான் சார் குடுத்தேன். நேராக் காட்டுக்கே போயி."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"தெரியல சார். அந்தப் பிள்ள அதப் பிரிக்கவே இல்ல. கையெழுத்தப் போட்டுச்சு, கவர இடுப்புல செருகிக்கிட்டு பூப்பறிக்கப் போயிருச்சு."